விழுந்தது சரியில்லை

படம் எப்படி என்று கேட்டால், நன்றாக இருந்தால் "கொள்ளாம்" என்றோ, இல்லாவிட்டால் "சவம்" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லி, காசெட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்கும். வீடியோ கடை நடத்துகிறவனுக்கு அதற்குமேல் விமரிசனம் எதற்கு? எல்லைக்கு மலையாளப் பக்கத்தில் இருக்கும் பாறசாலையில் நான் கடை வைத்திருந்த காலம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஒருத்தி மட்டும் போகமாட்டாள். காலை ஒன்பதரை மணிக்கு, நான் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, துணிப்பையிலிருந்து காசெட்டை எடுத்து நீட்டி, "மக்கா, அந்த மொட்டைத்தலையன் விழுந்தது செரியில்ல, கேட்டியா" என்று தொடங்குவாள்.

"மொட்டைத்தலையன் விழுறதுக்குத்தான் படத்தில வாறான் அக்கா. கொஞ்சம் இந்தப் பக்கமா நில்லுங்க, ஆளு நிக்கு."

"விழட்டு. எப்படி விழுவான்னு உண்டுல்லா? நெஞ்சில சவிட்டு வாங்கினவன் பின்னால பறந்து போவானா? முன்னாலயாக்கும் மடங்குவான்."

பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் "செரி அக்கா, செரி அக்கா" என்று நாலைந்து முறை சொன்ன பிறகே நகர்வாள்.

கடையிலிருந்து இரண்டாவது சந்தில் அவள் வீடு. மார்த்தாண்டத்துக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். பிள்ளைகள் இல்லை. அவள் புருஷனை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் வியாபாரம். முன்பு வளைகுடாவில் இருந்து திரும்பியபோது ஒரு வீடியோ டெக்கும் பெரிய டிவியும் கொண்டுவந்திருந்தார். அடிதடிப் படம் தவிர வேறொன்றும் பார்க்கமாட்டார், அதிலும் சீனச் சண்டைப் படம் என்றால் உயிர். மாலையில் கடைப்பக்கம் வந்து படம் எடுத்துப் போவார். காலையில் அதைத் திருப்பித் தருவது அக்காவின் வேலை. அந்த மனிதரைப்போல ஒரு சாதுவை நான் அந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டார். எனக்கு டீ வாங்கிக் கொடுக்காமல் போகமாட்டார். இப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு வாயாடி வந்து வாய்த்தாளே என்று நான் பலமுறை அவருக்காக இரங்கியிருக்கிறேன்.

வாயாடித்தனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காசெட்டை அவள் கொண்டுவரும் லட்சணம்தான் என்னால் தாங்க முடியாதது. பார்த்து முடித்ததும் முதலுக்கே திருப்பிச் சுற்றி வைத்துத் தரவேண்டும் என்பது வீடியோ கடையின் சட்டம். சுவரில் எழுதியே ஒட்டியிருந்தேன். அவள் தரும் காசெட் மட்டும் நடுவில் எங்காவது நிற்கும். முதலில் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் கேட்டபோது சிரிக்காமல் சொன்னாள்: "காலையில அவரு போன பொறவு அந்த எடத்துக்கு மறுபடியும் ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன். போட்டுப் பாரு. நான் சொன்னது செரியா தப்பான்னு உனக்கே தெரியும்."

போட்டுப் பார்த்தால், யாராவது ஒருவன் அடி வாங்குவதற்கு இரண்டு நொடி முன்னால் படம் நிற்கும். எத்தனை காசெட், எத்தனை முறை! அவளுக்காக நான் சுற்றிச் சுற்றி என் கடை டெக்கின் ஹெட்டே தேய்ந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு சென்சார் என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை, பொறுமை கெட்டுப்போய் நாலு பேர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். "அக்கா, இவ்வளவு குத்தம் கண்டுபிடிக்கிறவங்க அதை எழுதிக் கொண்டு வாங்களேன். நான் ஒக்காந்து வாசிச்சுக்கிடுவேன். எனக்கு யாவாரம் நடக்கட்டு."

இனி அந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காசெட் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது.

தினக் காலண்டரில் கிழித்த தாள். வருஷப் பிறப்புக்கு முன்னால் அவளுடைய அண்ணன் எல்லைக்கு அப்பால் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் தமிழ்க் காலண்டர். முன்பக்கம் தேதியும் ராகுகாலமும். பின்பக்கம் பென்சிலில், அழகான தமிழில் எழுதியிருந்தாள்: 'கன்னத்தில் அடி வாங்கியவன் உடனே கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறான். தப்பு. யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் முதலில் பார்ப்பான்.'

நான் தலையில் அடித்துக்கொண்டேன். விளையாட்டுக்குச் சொன்னதை ஒருத்தி வேலையாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்குப் பிறகு படம் தவறினாலும் தாள் தவறவில்லை. 'அடி விழும் சத்தம் தேங்காய் உடைவதுபோல் கேட்கிறது. அவ்வளவு சத்தம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வரமாட்டாரா? அப்படிச் சத்தம் வராது.' இன்னொன்றில்: 'அடிக்கிறவன் கத்திக்கொண்டே அடிக்கிறான். கத்துகிறவனுக்குப் பயப்பட வேண்டியதில்லை.' நான் எல்லாவற்றையும் ஒரு பழைய காசெட் பெட்டியில் போட்டு வைத்தேன். பத்திரப்படுத்தும் எண்ணமெல்லாம் இல்லை. சோர்ந்த நேரத்தில் எடுத்து வாசித்தால் சிரிப்பு வரும், அதற்காக.

ஒருநாள் அவள் கடையில் நிற்கும்போதே வெளியில் இரண்டு ஜீப் டிரைவர்களுக்குள் சண்டை மூண்டது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு ஓடினார்கள், நானும் ஓடினேன். ஆயிரம் சினிமாச் சண்டைக்குக் குறை சொல்கிறவள் நேரில் நடக்கும் சண்டையை எட்டிப் பார்க்கவில்லை. காசெட் அலமாரியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வந்து பாருங்க. இது செரியான அடியாக்கும்" என்று கூப்பிட்டேன்.

திரும்பாமலே சொன்னாள்: "இப்பம் விழுந்தது கையில்ல மக்கா. செருப்பு."

செருப்புதான். எப்படித் தெரிந்தது என்று வியந்து போனேன். அன்று மாலை அண்ணாச்சி படம் எடுக்க வந்தபோது இதை அவரிடமே சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகுதான் அந்தப் படம் வந்தது. அந்த வருஷம் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் யாரைக் கேட்டாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. குருவைக் கொன்றவர்களைத் தேடி ஒரு சீடன் மலைக்குப் போகிறான். ஐந்து வருஷம் பயிற்சி. நீளப் பின்னலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இறங்கி வருகிறான். பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் அடியோ அடி. ஒருவன் கண் போகிறது, ஒருவன் முதுகெலும்பு போகிறது, கடைசியில் இரும்பு நகம் மாட்டிய வில்லனை நெல் களஞ்சியத்தில் வைத்துத் தீர்த்துவிடுகிறான். என்னிடம் ஒரே காசெட். அதற்கு ஆட்கள் பெயர் சொல்லி முறை போட்டுக்கொண்டு நின்றார்கள். பூவாறிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்கூட உண்டு. எனக்கும் அது உயிரான படம். பார்க்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும்.

அண்ணாச்சி அதை மூன்று நாள் வைத்திருந்தார். நான்காம் நாள் காலை அக்கா கொண்டுவந்தாள். இரண்டு தாள், நான்கு பக்கமும் எழுத்து. ராகுகாலத்தின் மேலேயே எழுதியிருந்தாள்.

'வில்லன் பெரிய மீசையும் இரும்பு நகமுமாக வருகிறான். அப்படி ஒருவன் வந்தால் எல்லோரும் தூரத்திலேயே ஓடிவிடுவார்களே. பிறகு அவனிடம் யார் அடி வாங்குவது? நல்ல முகமாக இருந்தால்தான் பக்கத்தில் போவோம்.

'அடிக்கப் போகிறவன் சட்டையைக் கிழித்து எறிகிறான். உண்மையில் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைப்பான். கண்ணாடி உடையக்கூடாது அல்லவா.

'சண்டை முடிந்ததும் படம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையை ஒருத்தரும் காட்டுவதில்லை. அத்தனை அடி வாங்கிய கதாநாயகன் மறுநாள் அந்த நீளப் பின்னலை எப்படிப் பின்னினான்? கை தோளுக்கு மேல் வராது.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "ஊரே கொண்டாடுற படத்தை இப்படியா சொல்லது? அந்தக் காலத்துச் சீனாவில வாட்சு ஏது அக்கா?"

"வாட்சு இல்லேண்ணா மோதிரம். என்னத்தையாவது ஒண்ணு கழட்டி வைப்பான்."

"அவன் குருவுக்காக அஞ்சு வருசம் காத்திருந்து பழி வாங்குகான். அந்த வைராக்கியம் உங்களுக்குத் தெரியல்லியா?"

"அதாக்கும் பெரிய பொய்யி" என்றாள். "அஞ்சு வருசம் காத்துக் கிடந்தவனுக்கு அடிக்கத் தோணாது மக்கா. போனாப் போதும்னு இருக்கும்."

"உங்ககிட்ட மனுசன் பேச முடியாது."

"நீ வாசிச்சாயல்லா? அது போரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனையும் கேட்டும் என் மரமண்டையில் ஒன்றும் ஏறவில்லை. இப்போது இதை வாசிக்கிறவர்களுக்கு எப்போதோ புரிந்திருக்கும். நான் படத்துக்கு வக்காலத்து வாங்குவதில் மும்முரமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில் உதியன்குளங்கரையில் புதிதாக ஒரு வீடியோ கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, கூலிங் கிளாஸ் போட்ட முதலாளி, என்னிடம் இல்லாத படமெல்லாம் அங்கே. என் ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவத் தொடங்கினார்கள். கடைக்கு ஒரு கவர்ச்சி வேண்டும் என்று யோசித்தபோது அக்காவின் தாள்கள் ஞாபகம் வந்தன. ஓர் அட்டையில் பத்துப் பன்னிரண்டு தாள்களைக் குண்டூசியால் குத்தி, 'நம்ம சென்சார் சொல்வதைக் கேளுங்கள்' என்று தலைப்புப் போட்டு வாசலில் தொங்கவிட்டேன். வாசித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பின்னல் விஷயத்துக்கு ஒருவன் கைதட்டவே செய்தான்.

அன்று அக்கா வந்து அட்டையைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். பிறகு மூச்சு விட்டு, "செரி. தமிழ்லதானே கிடக்கு. கிடக்கட்டு" என்றாள்.

அந்த வார்த்தையை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், ஆனால் பஸ்ஸில் தமிழ் போர்டு வந்தால் பக்கத்தில் நிற்பவனைக் கேட்பார்கள். அண்ணாச்சியும் அந்தக் கூட்டம்தான். எனக்கு அம்மா களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் என்பதால் எழுத்துக்கூட்டப் படித்திருந்தேன். அக்கா அந்த வீட்டில் அவர் கண்முன்னாலேயே, எழுதுகிற தாளை மறைக்காமல் ஒன்றரை வருஷமாக எழுதிக்கொண்டிருந்தது அந்த ஒரு தைரியத்தில்தான்.

தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, "எந்தா எழுதியிருக்குன்னது?" என்று என்னைத் துளைத்து எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி என் தொண்டை வறண்டது. எரிச்சல் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நல்லதாக எட்டைப் பொறுக்கி, சிவப்பு மையில் பெரிய பெரிய எழுத்தில் மலையாளத்தில் எழுதினேன். தமிழ்த் தாள்களை எடுத்துப் பழையபடி பெட்டியில் போட்டேன். புதிய அட்டையைத் தொங்கவிட்டு, தூர நின்று பார்த்து, மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மாலை அண்ணாச்சி வந்தார். அட்டை முன்னால் நின்று நிதானமாக வாசித்தார். நாலாவது வரியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அது வாட்ச் பற்றிய வரி. இடது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. இதை நான் பார்த்தேன், ஆனால் பார்த்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

"ரசமா இருக்கே தம்பி. இதாரு எழுதினது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணாச்சிக்குத் தெரியாதா? உங்க வீட்டிலயாக்கும்! ஒன்றரை வருசமா எழுதுகாங்க."

"அப்படியா" என்றார். முகம் மாறவில்லை. "கொள்ளாம். இதைக் கொஞ்சம் தா. வீட்டில காட்டீட்டு நாளைக்குத் தாறேன்."

நான் அட்டையைக் கழற்றி, மடங்காமல் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காசெட்டைத் திருப்பித் தர அவரே வந்தார். அட்டை வரவில்லை. காசெட் ஒழுங்காக முதலுக்கே சுற்றி வந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் தாள் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் அக்காவைக் காணவில்லை. கேட்டபோது பனி என்றார். காய்ச்சலைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம்.

பிறகு ஒரு காலை, அதே ஒன்பதரை மணிக்கு வந்தாள். பக்கத்தில் ஓர் ஆள், மடித்த வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக. அவளுடைய அண்ணன் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. அக்காவின் இடது காதில் பஞ்சு இருந்தது. நான் "எப்படி இருக்கீங்க" என்றது அவளுக்குக் கேட்கவில்லை. மற்றக் காதைத் திருப்பி, "என்ன?" என்றாள். அந்தத் திரும்பலில்தான் எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அந்தக் கடுதாசி எல்லாம் வச்சிருக்கியா மக்கா?"

"இருக்கு அக்கா."

"எடு. அண்ணன் வாசிக்கட்டு."

அண்ணன் சலிப்போடு என்னிடம் சொன்னார்: "காதில சீழு வச்சிருக்கு, அது அவரு அடிச்சதாலயாக்கும்னு சொல்லுகா. அவரு அப்பிடிப்பட்ட ஆளா, நீங்களே சொல்லுங்க. முன்ன ரெண்டு மட்டம் இப்படித்தான் வந்தா. நான்தான் சமாதானம் சொல்லிக் கொண்டு விட்டேன்."

"வாயால சொன்னா நம்பமாட்டான்" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து. "இப்பம் இட்டுக்கட்டிச் சொல்லுகேன்னு நெனைப்பான். இது அண்ணண்ணைக்கு எழுதினதாக்கும்."

பெட்டியை எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன். தாள்கள் இத்தனை இருக்கும் என்று நானே நினைத்ததில்லை. அண்ணன் ஒன்றை எடுத்தார். பின்னலைப் பற்றிய தாள் அது. உதட்டில் சிரிப்பு வந்தது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தபோது சிரிப்பு இல்லை. வேகமாக வாசித்துக்கொண்டிருந்தவர் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் வாசித்தபின் திருப்பித் தேதியைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் யாரையும் நகரச் சொல்லவில்லை.

ஒரு தாளில் நின்றுவிட்டார். தேதியை விரலால் தொட்டார்.

"ஏட்டி, அண்ணைக்கு நான் உன் வீட்டிலதானே இருந்தேன்? ஓணத்துக்கு வந்திருந்தேனே. அவரு எனக்கு எல போட்டு விளம்பினாரே."

"ஆமா. நீ போன பொறவு" என்றாள் அக்கா. "நீ பஸ் ஏறினதும்."

அண்ணன் அதற்குமேல் வாசிக்கவில்லை. தாள்களை ஒன்றுவிடாமல் அடுக்கி மஞ்சள் பைக்குள் வைத்தார். இரண்டு தாள் கீழே விழுந்தன. குனிந்து எடுத்தார். "வா, போவோம்" என்று தங்கையிடம் சொன்னார். "அந்த வீட்டிலேருந்து ஒண்ணும் எடுக்கண்டாம். நேர பஸ்ஸுக்குப் போவோம்."

அக்கா முன்னால் இறங்கினாள். அவர் இரண்டடி வைத்தவர் நின்று, திரும்பி என்னிடம் வந்தார்.

"உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"இதையெல்லாம் வாசிச்சீரா?"

"வாசிச்சேன்."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருசமா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஓங்கி ஒன்று விட்டிருந்தால் அந்தக் கடையில் இருந்த ஒருத்தனும் தடுத்திருக்க மாட்டான், நானும் கையைத் தூக்கியிருக்க மாட்டேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தங்கைக்குப் பின்னால் போனார். அடித்திருக்கலாம்.